பந்தயத் தடத்துக்கு ஏற்ற சின்னக் கார்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சில பெற்றோர் முகம் சுளித்திருக்கலாம். காரை வேகமாக ஓட்டுவதற்கு ஒரு கருத்தரங்கா என்று கேட்டிருக்கலாம். கேள்வி நியாயமானதுதான். 2021-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு சமயத்தில், தஞ்சோங் பகாரில் அதிகாலை நேரத்தில் ஒரு கார் கடைவீட்டில் மோதித் தீப்பற்றி எரிந்தது. ஐந்து இளைஞர்கள் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாயும் வேகம் என்ற சொல்லை நிம்மதியாகக் கேட்க மாட்டார்.

ஆனால் வேகத்தின் மீது ஆசை இருக்கும் பிள்ளையிடம் ஆசைப்படாதே என்று சொன்னால் அது அடங்கிவிடுமா? அடங்காது. சாலையில் வேண்டாம், தடத்தில் ஓட்டு என்று சொல்வதில் கொஞ்சம் பயன் உண்டு. மூடிய பந்தயத் தடத்தில் எதிரே லாரி வராது. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். கொடி அசைக்க ஆள் இருக்கிறார், ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. கட்டணம் கட்டி, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரிலேயே சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். பரிசும் கிடையாது, முதலிடமும் கிடையாது. இதைத்தான் 'டிராக் டே' என்கிறார்கள்.

சிங்கப்பூரில் அதற்கு இடம் இல்லை என்பதுதான் முதல் சிக்கல். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலேயே கிராண்ட் பிரீ நடந்தது. பெரிய பந்தயக் கார்களோடு மினி போன்ற குட்டிக் கார்களும் அங்கே ஓடின. உயிர்ச்சேதம் ஏற்பட்ட தடம் அது. 1973-க்குப் பிறகு பந்தயம் நின்றுபோனது. 2008-இல் மரினா பே பகுதியில் ஃபார்முலா ஒன் வந்தது. ஆனால் அது சில நாள்களுக்கு மட்டும் அடைக்கப்படும் நகரச் சாலை. அங்கே சாதாரண மக்கள் பார்க்கலாமே தவிர ஓட்ட முடியாது. சாங்கியில் நிரந்தரத் தடம் கட்டும் திட்டத்துக்கு 2010-இல் ஒரு நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாசிர் ரிஸ்காரர்களுக்கு அது அடுத்த வீடு மாதிரி இருந்திருக்கும். தடம் எழும்பவே இல்லை, திட்டம் கைவிடப்பட்டது. பாலத்தைத் தாண்டினால் பாசிர் கூடாங்கில் ஒரு தடம் இருந்தது. 1998-இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயே அங்கேதான் நடந்தது. அந்தத் தடமும் இப்போது இயங்குவதில்லை.

ஆகவே சிங்கப்பூர்க்காரர் பெரும்பாலும் செப்பாங் வரை போகிறார். 1999-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. வீட்டிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய், நாள் முழுவதும் அங்கே ஓட்டிவிட்டு, அதே காரில் திரும்ப வேண்டும். எந்தக் கார் என்ற கேள்விக்கான விடையில் பாதி இந்தத் தூரத்திலேயே அடங்கியிருக்கிறது.

தடம் என்றதும் பலருடைய மனத்தில் பெரிய இன்ஜின் வந்து நிற்கிறது. அங்கே கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கைக் கொண்டுவருவது நல்லது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 72-க்குக் குறைகிறது. அந்த ஒரு பிரேக்கில் வெளியாகும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கார் ஆயிரத்து ஐந்நூறு கிலோவாக இருந்தால் மூன்று லிட்டர். அந்த வெப்பத்தில் பெரும்பங்கு முன்சக்கரப் பிரேக்குகளில் போய் இறங்குகிறது. ஆற விடாமல் அடுத்த வளைவு வருகிறது, பிறகு அதற்கடுத்தது. நான்கைந்து சுற்றில் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகிறது. காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. எடை குறைந்த காரில் இந்த ஆபத்து மெதுவாக வருகிறது. டயரும் மெதுவாகத் தேய்கிறது, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கிறது. கற்றுக்கொள்பவருக்குச் சின்னக் கார் ஏற்றது என்பதற்கு முதல் காரணம் இதுதான், விலை கூட இதற்குப் பிறகுதான்.

இதை நடத்திக் காட்டியவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன். 1983 இறுதியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஊருக்குப் போகும்போது ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த அனுபவமும் சிலருக்கு இருக்கும். அந்தக் காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, 1980-களின் பிற்பகுதியில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியாக்கினார் கரிவரதன். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டு இயந்திரத்தை இறக்குமதி செய்ய வசதி இல்லாத இளைஞர்கள் அதில் பந்தயம் பழகினார்கள். 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் ஆரம்ப காலத்தில் அந்த வண்டியை ஓட்டியவர்தான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் காலமானார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் ஒரு தடம் இருக்கிறது. பெரிய இன்ஜினில் தொடங்கினால்தான் பெரிய ஓட்டுநர் ஆக முடியும் என்று நினைப்பவர்கள் அந்த 796 சிசியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இனி, சிங்கப்பூர்க் கணக்கு. மற்ற நாடுகளில் 'மலிவான பழைய கார் ஒன்று வாங்கு, தடத்துக்கென்றே வைத்துக்கொள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே மலிவான கார் என்று ஒன்று கிடையாது. 1,600 சிசிக்கு உட்பட்ட சிறு கார்கள் அடங்கும் ஏ பிரிவிலேயே வாகன உரிமைச் சான்றிதழ் 2023-இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. தகரத்தின் விலையை விடத் தாளின் விலை அதிகம்! பத்து ஆண்டு முடிந்த காருக்குச் சான்றிதழை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதன் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது.

பாசிர் ரிஸ் வீவக வீட்டில் குடியிருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்து பார்க்கலாம். லோயாங் பக்கம் தொழில்நுட்பர் வேலை. மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, கூடவே வயதான அப்பா. சான்றிதழ் முடிய மூன்று ஆண்டு பாக்கி இருக்கும் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒன்றின் மீது அவருக்குக் கண். எடை 1,100 கிலோவை ஒட்டி, 1.6 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டுகிறார்.

"அண்ணே, வண்டி எப்படி?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. செப்பாங்கில சுவத்துல இடிச்சா திங்கட்கிழமை பிள்ளையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துல எதுல கொண்டுபோய் விடுவே?"

இன்ஜினைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இது விடை இல்லைதான். ஆனாலும் கார் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சாதாரண வாகனக் காப்புறுதிகள் பந்தயத் தடத்தில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தருவதில்லை. ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் படித்தால் விதிவிலக்குகளின் பட்டியலில் அது இருக்கும். கடன் வாங்கி வாங்கிய காராக இருந்தால், நொறுங்கிய காருக்கும் மாதத் தவணை கட்டியாக வேண்டும். ஓர் ஆறுதல் என்னவென்றால், கார் நொறுங்கினாலும் முறைப்படி பதிவை நீக்கி, அப்புறப்படுத்திய சான்றைக் காட்டினால் சான்றிதழின் மீதிக் காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்கும். கடன் பாக்கி இருந்தால் அதில் முதல் பங்கு கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். 300 கிலோமீட்டர் தூரத்திலிருந்து இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் செலவும் இருக்கிறது.

எனவே சிறிய பட்ஜெட் உள்ளவருக்கு இரண்டு வழிகள்தான் தெரிகின்றன. ஒன்று, வீட்டில் இருக்கும் காரையே எடுத்துப் போவது. ஆனால் அதன் வேகத்தில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளும் மனக்கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாடு பலருக்கு மூன்றாவது சுற்றில் கரைந்துவிடுகிறது. முன்னால் போகும் கார் சின்னதாக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே!

இன்னொரு வழி, மலேசியாவிலேயே இருக்கும் காரை அங்கேயே ஓட்டுவது. 1994 முதல் 2009 வரை தயாரான பெரோடுவா கஞ்சில், அதன் பிறகு மக்கள் காராகிவிட்ட மைவி, புரோட்டோன் சத்ரியா நியோ, டொயோட்டா வியோஸ் போன்றவற்றைத் தடத்துக்கென்று தயார் செய்து வைத்திருக்கும் பட்டறைகள் அங்கே உண்டு. கஞ்சிலின் எடை 700 கிலோவை ஒட்டித்தான். உதிரிப் பாகம் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ஒரு நாள் வாடகை முதலில் அதிகமாகத் தோன்றும். ஆனால் சொந்தக் காரின் டயர், பிரேக் பேட், கிளட்ச் தேய்மானத்தையும் தேய்ந்த பாகங்களை மாற்றும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஓட்டுபவருக்கு வாடகையே கட்டுப்படியாகும். அந்த இளைஞருக்கு உகந்த வழி இதுதான். வாடகைக் காரை இடித்தால் யார், எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நண்பர்கள் பங்கு போட்டு எடுத்தால் இன்னும் அவசியம். ஒரே வண்டியை நான்கு பேர் ஓட்டும்போது, கிளட்ச் யார் காலில் போனது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தமான் போய்த் திரும்பிய நட்பு கூட கிளட்ச் செலவில் உடைந்துவிடும்.

ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றிப் பலர் கேட்பார்கள். 1989-இல் வந்த கார், பின்சக்கர இயக்கம், எடை குறைவு. உலகெங்கும் தடப் பிரியர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் இருக்கை இரண்டுதான். ஒரே காரில் குடும்பம் நடத்தும் வீட்டில் குழந்தை இருக்கையை எங்கே மாட்டுவது? முன்சக்கர இயக்கமுள்ள சின்னக் கார் தொடக்கத்துக்குப் போதும். வளைவில் வேகம் கூடிப்போனால் அது பொதுவாக வெளிப்புறமாகத்தான் விலகும். ஓட்டுபவருக்குக் காரணம் உடனே புரியும், மெதுவாக வேகத்தைக் குறைத்தால் வழிக்கு வரும். பயந்துபோய் நடு வளைவில் சட்டென்று காலை எடுத்தால் மட்டும் பின்புறம் சுழலும். அதனால்தான் முதல் நாளிலேயே பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது. ஆட்டோ கியரில் சிவிடி வகையாக இருந்தால் சில சுற்றிலேயே சூடேறி, காரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேனுவல் கியர் உசிதம்.

சொந்தக் காரைத்தான் எடுத்துப் போவேன் என்று பிடிவாதமாக இருப்பவர் செலவழிக்க வேண்டிய இடம் பிரேக். புதிய பிரேக் ஆயில், சூடு தாங்கும் பேட். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை குறையும். அடுத்தது ரேடியேட்டரும் இன்ஜின் ஆயிலும். நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் அளவு குறைவாக இருக்கக் கூடாது. பேட்டரி அசையாமல் இறுக்கமாக இருக்கிறதா, சக்கர பேரிங் இரைகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இவற்றை வீவக கார்நிறுத்துமிடத்தில் வைத்துச் செய்யாமல் பட்டறைக்குப் போவதே முறை. டர்போ, சத்தமான புகைக்குழாய் என்று ஆசைப்படுபவர் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். சில மாற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை, சிலவற்றுக்குத் தேவை, சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது. உண்மையில் முதல் ஓராண்டுக்கு இதெல்லாம் எதற்கு?

புறப்படும் நாளன்று கவனிக்க வேண்டியவையும் உண்டு. சோதனைச்சாவடியைத் தாண்டும்போது பெட்ரோல் கலன் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. அங்கே சலுகை விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களில் நிரப்பக் கூடாது, ரான் 97 நிரப்பலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது டயர். நாள் முழுதும் வளைவுகளில் உரசியதில் முன்டயர்களின் வெளி ஓரம் வழுக்கையாகியிருக்கும். மாலையில் மலேசிய நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டால், அந்த டயரோடுதான் 300 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். ஆகவே கடைசி இரண்டு சுற்றுகளை ஓட்டாமல் விட்டுவிட்டு, டயரில் பள்ளம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று குனிந்து பார்த்த பிறகு கிளம்புவது நல்லது. மிஞ்சவில்லை என்றால் வழியில் ஏதாவது ஓர் ஊரில் நிறுத்தி முன்டயர் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பணத்தைப் புறப்படும்போதே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.