தவலையும் தவளையும்



ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. மழைநாளைப் பற்றி எழுதுமாறு ஆசிரியை பணித்தார். வாயால் சொல்லச் சொன்னால், கூரையில் வழிந்த நீரையும் கொல்லைப்புறத்தில் தவளை கத்தியதையும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவள் அவள். ஏட்டிலோ நான்கே வரிகள். முந்திய வாரம் ‘தவளை’யைத் ‘தவலை’ என்றெழுதி, அச்சொல்லை இருபது முறை எழுதும் தண்டனையைப் பெற்றிருந்தாள். ஆகவே இம்முறை தவளையே வேண்டாமென விட்டுவிட்டாள். ஏட்டில் சிவப்பு மை ஒரு துளியும் இல்லை, தவளையும் இல்லை.

பிழைக்கு அஞ்சும் பிள்ளை முதலில் இழப்பது சொல்வளத்தைத்தான். எழுதத் தெரிந்த சொற்களுக்குள்ளேயே தன் உலகைச் சுருக்கிக்கொள்கிறது.

தவலையும் தமிழ்ச்சொல்லே, வாயகன்ற உலோகப் பாத்திரம். ‘தவலைக்குள் தவளை குதித்தது’ என்று அன்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். இரண்டு சொற்களும் நிலைத்திருக்கும். ஒலி, ஒளி, ஒழி. அலை, அளை, அழை. வலி, வளி, வழி என்று மும்மூன்றாகக் கொடுத்து, மூன்றும் வரும்படி ஒரு தொடர் அமைக்கச் சொல்லலாம். எவ்வளவு கோணலாக அமைகிறதோ அவ்வளவு நன்று. பொருட்செறிவு பார்க்க அது கவியரங்கம் அன்று.

‘சொல்வதெழுதுதல்’ மட்டும் இங்கே ஏன் போதவில்லை? பல வட்டாரங்களின் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. ரகர றகர வேறுபாடும் பெரும்பாலும் செவிக்கு எட்டுவதில்லை. நகர னகரங்களோ இன்று ஒரே ஒலியாகிவிட்டன. காது கைவிட்ட இடத்தில், எழுத்தின் அண்டை அயலைக் காட்ட வேண்டும். நம் முன்னோர் இட்ட பெயர்களிலேயே அது இருக்கிறது. டகரத்தோடு வருவது டண்ணகரம். தகரத்தோடு வருவது தந்நகரம். றகரத்தோடு வருவது றன்னகரம். ‘மூன்று சுழி, இரண்டு சுழி’ என்று நாம் சொல்லிக்கொடுப்பது வடிவத்தை மட்டுமே காட்டுகிறது. பழைய பெயரோ எழுத்து எங்கே குடியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

இதனை விளையாட்டாக்குவது எளிது. அறுவர் கையில் க, ச, ட, த, ப, ற அட்டைகள். வேறு அறுவர் கையில் ங, ஞ, ண, ந, ம, ன அட்டைகள். ஒவ்வொருவரும் தம் இணையைத் தேடிப் பிடித்து, இருவருமாக ஒரு சொல் சொன்னால்தான் உட்காரலாம். சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. நான்கு நாள் ஆடிய பிள்ளை, யாரேனும் ‘கண்று’ என்றெழுதினால், ‘ற பக்கத்தில் ண எப்படி வந்தது?’ என்று தானே கேட்கும். இலக்கணம் ‘இனவெழுத்து’ என்பதும் இதைத்தான்; அப்பெயர் பின்னர் வந்தால் போதும்.

கவிஞர்கள் இன்று சற்று ஏளனமாகவே பார்க்கும் சித்திரகவியும் இங்கே கைகொடுக்கும். தண்டியலங்காரம் கூறும் அக்கரச்சுதகம், ஒரு சொல்லிலிருந்து எழுத்தொன்றை நீக்க வேறு சொல் பிறப்பது. பலகையில் லகரத்தை எடுத்தால் பகை. பகரத்தையும் எடுத்தால் கை. கரும்பில் ஓரெழுத்து உதிர்ந்தால் கம்பு. மாத்திரைச் சுருக்கத்திற்கு மாலை – மலை, தாளம் – தளம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றில் பாடினார். பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டா. குடகு, திகதி, விகடகவி போதும். திருப்பிப் படிக்கும் பிள்ளை எழுத்தெழுத்தாகப் பார்த்தே தீர வேண்டும். பத்துமுறை பார்த்தெழுதும் பிள்ளையோ மூன்றாம் முறைக்குப் பின் சொல்லைப் பார்ப்பதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. இவ்விளையாட்டுகளுக்கு மதிப்பெண் இடத் தொடங்கினால், அச்சிறுமி மீண்டும் நான்கு வரிக்குள் ஒடுங்கிவிடுவாள்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஆளுக்கொரு விடுகதை புனைந்து வாருங்கள். விடையில் ழகரமோ ளகரமோ இருக்கட்டும்: வாழை, கழுகு, நாழி, உழக்கு, வளையல், பூசணிக்கொடியின் பிள்ளைகளாகிய சுருள்கள், எதுவாயினும் சரி. தவளைக்கும் ஒன்று வேண்டும்.