சின்னஞ்சிறு கவிதை ஏடு



சிங்கப்பூருக்கு வந்தவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. நாராயண பிள்ளை 1827இல் அதை மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆண்ட காலத்தில், ஹாவொர்த் என்னும் மேட்டு நிலத்து ஊரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் கையாலேயே ஒரு கவிதை நூல் செய்து முடித்தாள். அந்த நூலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அவள் பெயர் சார்லோட் பிரான்டே. தந்தை பாதிரியார். தாய் 1821இல் காலமானார். அக்காள் இருவரும் 1825இல் மறைந்தார்கள். மிஞ்சிய பிள்ளைகள் நால்வர். மறு ஆண்டு தந்தை மகனுக்கு மரத்தால் செய்த பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளைகள் அவற்றுக்குப் பெயரிட்டார்கள், நாடு படைத்தார்கள். சிப்பாய்கள் படிக்க நூல் வேண்டாமா? பொம்மையின் கைக்கு ஏற்ற அளவில் நூல்களும் எழுதினார்கள்! காகிதம் விலையேறிய பொருள். சர்க்கரை சுற்றி வந்த தாள்கூட அட்டையாயிற்று.

1829 டிசம்பரில் சார்லோட் செய்த ஏடு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான். 15 பக்கம், 10 கவிதை. எழுத்துகள் அச்செழுத்தைப் போலவே பொடிப்பொடியாக இருக்கும். அச்சிட்டவர் பெயர் வரவேண்டிய இடத்திலும் தன் பெயரையே போட்டுக்கொண்டாள். குறும்புக்காரிதான்.

வளர்ந்தபின் 1836இல் அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதேக்குத் தன் கவிதைகளை அனுப்பினாள். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாகாது என்று பதில் வந்தது. 1846இல் சகோதரியர் மூவரும் ஆண்பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களில் கவிதை வெளியிட்டார்கள். முதலாண்டில் விற்றவை இரண்டே படிகள். அடுத்த ஆண்டு வந்த ‘ஜேன் அயர்’ நாவல்தான் சார்லோட்டை உலகறியச் செய்தது.

நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய, கொழுந்து பறித்த தாய்மார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கொஞ்சமா? ஏட்டில் ஏறியவை சிலவே. இலங்கையில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவற்றை 1940இல் சிறுநூலாக்கினார். அதனால் அவை பிழைத்தன. சிராங்கூன் சாலைக் கடைகளில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்க அதிகச் செலவாகாது. பாட்டி பாடும்போது பேரப்பிள்ளைகள் எழுதி வைக்கலாம். பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், எழுதிய ஆண்டு, இம்மூன்றையும் முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். படம் வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால் ஓரத்தில் வரையட்டும்.

சார்லோட்டின் ஏடு 1916இல் நியூயார்க்கில் 520 அமெரிக்க வெள்ளிக்கு விலைபோயிற்று. பிறகு நூறாண்டுக்கு மேல் அதைக் கண்டவரில்லை. கடைசியில் ஒரு பழைய பள்ளிப் பாடநூலுக்குள், கடித உறை ஒன்றில் பத்திரமாக இருந்தது! 2022இல் ஓர் அறநிறுவனம் அதை 12,50,000 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கி, ஹாவொர்த்தில் அருங்காட்சியகமாக விளங்கும் அவளது பழைய வீட்டுக்கே கொடுத்துவிட்டது.