‘வருகலாமோ’: ஒரு பாடலும் இரு தலைமுறையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் வகுக்கக் கூடிய செயற்குழுவில் பணத்தைப் பற்றியோ பந்தலைப் பற்றியோ கருத்து வேற்றுமை எழவில்லை. ஒரு பாட்டைப் பற்றித்தான் எழுந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுள் ஒன்றான ‘வருகலாமோ’ என்னும் பாடலை விழாவின் இறைவணக்கமாக மாணவர்கள் பாட வேண்டும் என்றனர் பெரியோர். பாடலாகாது என்றனர் இளையோர். இரு சாராரும் நம்மவரே. இரு சாராரும் சமுதாய நலன் கருதியே பேசினர். அவ்வழக்கை இந்த அவையின்முன் எடுத்துரைத்து எமது கருத்தையும் கூறுமாறு சங்கம் எம்மைப் பணித்தது.

முதலில் பெரியோர் பக்கத்தைச் சொல்லுகிறோம். யாமும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தோமே. அறுபது வயதைக் கடந்த நம்மவருள் இந்தப் பாட்டைக் கேளாது வளர்ந்தவர் அரியர். நடவு முடிந்து வந்த தாய்மார் அடுப்பு மூட்டிக்கொண்டே இதனை முணுமுணுத்ததைக் கேட்டோம். ஊர்த் தெருவில் திருமணம் நடக்கும்போது கட்டப்பட்ட ஒலிபெருக்கி வழியே இது வயலைத் தாண்டி நமது சேரிக்கும் வந்தது. ஊரார் பந்தலில் கச்சேரி நடந்த இரவுகளில் நாம் உள்ளே அமரக் கூடாது. வரப்போரம் நின்றே கேட்டோம். வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒருவனைப் பற்றிய பாட்டை வெளியே நின்றபடியே கேட்டோம். மாஞ்சி இராகத்தின் அந்த உருக்கம் நமக்கு வெறும் இசையாக இருக்கவில்லை. நம் வீட்டுச் செய்தியை நாடே உட்கார்ந்து கேட்கிறது என்ற பெருமிதமும் அதனுள் கலந்திருந்தது.

அந்தப் பெருமிதத்திற்குக் காரணமும் உண்டு. 1935ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராக நடித்தார். 1942ஆம் ஆண்டுப் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். மன்னர்களும் தேவர்களுமே கதைத் தலைவர்களாக இருந்த காலத்தில் ஒரு பண்ணையாள் கதைத் தலைவனாக நின்று பாடினான். நம்முள் பிறந்த ஒருவனைப் போற்ற அன்று நம் பெற்றோருக்கு வேறு என்ன பாட்டு இருந்தது? ஆகவே இந்தப் பாட்டின்மேல் பெரியோர் கொண்டுள்ள பற்றை அறியாமை என்று எள்ளி நகையாடுவது நன்றியின்மையாகும்.

இனி இளையோர் பக்கத்தைக் காண்போம். அவர்கள் வெறும் சினத்தால் பேசவில்லை. நூல்களைப் படித்தே பேசினர். அவர்கள் எடுத்துக்காட்டிய செய்திகளைச் சுருங்கக் கூறுவோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றைப் பாடினார். அதிலே ஆதனூர் நந்தனார் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். தமக்குரிய மானிய நிலத்தைக் கொண்டு வாழ்கிறார். திருப்புன்கூரில் அவர் காணும் பொருட்டு நந்தி விலகுகிறது. தில்லைக்குப் போக அவர் அஞ்சுவது தம் பிறப்பை எண்ணியே. அவரைத் தடுக்கும் பண்ணை முதலாளி ஒருவர் அந்நூலில் இல்லை.

அந்த முதலாளி பாரதியாரின் கீர்த்தனையிலேதான் வருகிறார். வேதியர் என்னும் அவர், நாற்பது வேலி நிலத்தின் அறுவடையை முடித்த பின்னரே தில்லைக்குப் போகலாம் என்கிறார். நந்தனின் உணவையும் பிறப்பையும் இழித்து அவர் பாடும் பாட்டும் அந்நூலில் உண்டு. பாரதியார் இதைக் கற்பனையாக மட்டும் எழுதினார் என்று சொல்ல இயலாது. அவர் தஞ்சைச் சீமையில் வாழ்ந்தவர். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை 1843இல் நீங்கிற்று. எனினும் வயலில் அது நீங்கவில்லை. கீர்த்தனை அச்சேறிய ஆண்டு 1861. தம் கண்முன் கண்ட பண்ணையையே அவர் புராணத்தினுள் கொண்டுவந்து வைத்தார் என்பது எமது எண்ணம். முடிவில் அந்த வேதியரை நந்தனாரின் அடியில் விழச் செய்தவரும் அவரே. இதனை மறத்தல் நேர்மையன்று.

ஆயினும் இளைஞர்கள் மூன்று வினாக்களை எழுப்பினர். நாற்பது வேலியின் அறுவடையைச் சிவகணங்கள் ஓரிரவில் முடித்தன என்று கதை சொல்கிறதே, ஆண்டெல்லாம் உழைத்தவனின் கூலி எங்கே என்பது முதல் வினா. நந்தனார் நந்தனாராகவே உள்ளே போகவில்லையே, தீயில் புகுந்து, பூணூல் விளங்கும் மார்புடன் முனிவராக எழுந்த பிறகன்றோ போனார், அவ்வாறாயின் நம் உடம்பு எரிந்தால்தான் நமக்கு வழி திறக்குமா என்பது இரண்டாம் வினா. இவ்வினாவைக் கேட்ட இளைஞர் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அதே தஞ்சை மண்ணில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதை நினைவூட்டினார். அப்போது செயற்குழுவில் எவரும் பேசவில்லை.

மூன்றாம் வினாவை எழுப்பியவர் நமது மாலை வகுப்பில் பயின்று, இன்று அங்கேயே கற்பிக்கும் ஒரு மகள். “ஐயா, பாட்டு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் பிறப்பே இழிந்தது, தான் புண்ணியம் செய்யாதவன் என்று சொல்லும் பகுதியை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் எப்படி வைப்பேன்? பள்ளியில் மற்றவர்கள் சொல்லுவதையே நாமும் சொல்லிக்கொடுப்பதா?” என்று கேட்டார். அதற்கு எம்மிடம் உடனே விடை இல்லை. இன்றும் அதனை மறுக்க எம்மால் இயலவில்லை.

அன்பர்களே, நந்தனார் என்னும் பெயரை நம் முன்னோர் ஒரே வழியில் ஏந்தவில்லை. பண்டித அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த மன்னன் என்று எழுதினார். கெஞ்சி நின்ற நந்தனை அவர் ஏற்கவில்லை. சுவாமி சகஜானந்தர் அதே பெயரைத் தாங்கி 1916இல் சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தில்லையின் வாயிலில் தயங்கி நின்றவரின் பெயர் தில்லையிலேயே ஒரு கல்விக்கூடத்தின் பெயராயிற்று. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ என்னும் ஆங்கில நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரிமையாக்கினார். மறுத்தவரும் நம்மவர், ஏற்றவரும் நம்மவர், ஏற்றவர் எவரும் அப்பெயரைக் கெஞ்சுவதற்காக ஏற்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டு ஒரு வினா. உள்ளே வரலாமா என்று அது கேட்கிறது. அந்த வினாவுக்கு நாடு விடை சொல்லிவிட்டது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றனர். ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. விடை கிடைத்த பின்னும் வினாவையே பாடிக்கொண்டிருந்தால், அந்த விடையை நாமே நம்பவில்லை என்று பொருளாகும். நடைமுறையில் அடைத்த கதவுகள் இன்றும் சில ஊர்களில் உண்டு என்பதை அறிவோம். ஆனால் சட்டத்தை மீறிக் கதவடைத்தவனிடம் இரந்து கேட்பது முறையன்று. உரிமையைச் சொல்லிக் கேட்பதே முறை.

ஆகவே எமது கருத்து இது. இந்தப் பாடலை இறைவணக்கமாக வைக்க வேண்டா. தம் பிறப்பைத் தாமே பழிக்கும் சொற்களை நம் பிள்ளைகள் கைகூப்பி நின்று பாட வேண்டா. விழாவின் தொடக்கத்தில் அரசியலமைப்பின் முகப்புரையைத் தமிழில் ஒரு மாணவர் படிக்கட்டும்.

ஆனால் பாடலை ஒதுக்கிவிடவும் வேண்டா. மாலை நிகழ்ச்சியில் பெரியோர் ஒருவர் அதனைப் பாடட்டும். பாடுமுன், அது எந்த மண்ணில் எந்தக் காலத்தில் பிறந்தது, நம் பெற்றோர் அதனை எங்கே நின்று கேட்டனர் என்பதை அவரே சொல்லட்டும். பிள்ளைகள் அமர்ந்து கேட்கட்டும். வெளியே நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், நாம் செங்கல் சுமந்து கட்டிய இம்மண்டபத்தில், நாற்காலியில் அமர்ந்து கேட்கட்டும். அப்போது அது வேண்டுதலாக இராது. நம் வரலாறாக இருக்கும்.

இந்த முடிவைச் செயற்குழுவில் கூறியபோது மூத்த தாயார் ஒருவர் கண்கலங்கினார். “என் அப்பன் பாட்டை எடுத்துவிட்டீர்களே” என்றார். மேலே கூறிய அந்த மகள் எழுந்து அவர் அருகே சென்று, “எடுக்கவில்லை, ஆத்தா. நீங்கள்தான் பாட வேண்டும். எதற்குப் பாடினார்கள் என்பதையும் எங்களுக்குச் சொல்ல வேண்டும்” என்றார். தாயார் இசைந்தார். இன்று மாலை அவர் பாடுவார்.

இளைஞர்களே, நமது நூலகத்தில் பெரியபுராணம் உண்டு. நந்தனார் கீர்த்தனையும் உண்டு. அயோத்திதாசரும் அம்பேத்கரும் உண்டு. நான்கையும் படியுங்கள். படித்தபின் எம் கருத்தை மறுத்தாலும் மகிழ்வோம். படியாமல் ஏற்றாலும் வருந்துவோம். படித்து மறுக்க வல்ல பிள்ளைகளை உருவாக்கவே இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வந்திருக்கிறது.