குனிந்த முதுகும் கேலிப்படமும்

(பீர்மேடு கிளைக் கூட்டத்தில் பேசியது)



எழுத்துத் தெரியாதவர்களும் பத்திரிகையில் தாங்களாகப் படித்துக்கொள்ளும் ஒரே பகுதி கேலிப்படம். அதனால்தான் ஆட்சியில் இருப்பவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பயம்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அப்படிப் பயம் காட்டியவர் டேவிட் லோ. நியூசிலாந்தில் பிறந்தவர், 1927 முதல் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ பத்திரிகையில் வரைந்தார். அவர் படங்கள் சென்னை ‘இந்து’விலும் வந்தன. மைசூரில் சிறுவனாக இருந்த ஆர்.கே. லட்சுமண், ‘லோ’ என்ற ஆங்கிலக் கையெழுத்தைக் ‘கௌ’, அதாவது பசு என்றே வெகுநாள் படித்துக்கொண்டிருந்தாராம்!

1936 மார்ச்சில் ஹிட்லர் ஒப்பந்தத்தை மீறி ரைன்லாந்துக்குள் படையை அனுப்பினான். பிரிட்டனும் பிரான்சும் கைகட்டி நின்றன. ஜூலையில் லோ ஒரு படம் போட்டார். ஜனநாயக நாட்டுத் தலைவர்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுதான் படிக்கட்டு. ஹிட்லர் அதன்மேல் மிடுக்காக நடக்கிறான். முதல் படி ஆயுதக் குவிப்பு, அடுத்தது ரைன்லாந்து, அப்புறம் டான்சிக் நகரம். முடிவில் அவனே உலகத்துக்கு எஜமான்! முதுகில் ஏறுவது என்றால் என்னவென்று கொழுந்து சுமந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த டான்சிக்கைக் கேட்டுத்தான் 1939இல் போலந்து மீது பாய்ந்தான்.

1937 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு ஜெர்மனி போனார். லோவைப் பற்றி அங்கே புகார் சொன்னார்கள். திரும்பி வந்தவர், கொஞ்சம் அடக்கி வரையும்படி லோவிடம் கேட்டுக்கொண்டார். லோவும் இணங்கி, ஹிட்லரையும் முசோலினியையும் கலந்து ஒரு பொதுச் சர்வாதிகாரியை வரைந்தார். சில மாதம்தான். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பழைய ஹிட்லரே படத்தில் திரும்பி வந்தான். சமாதானத்தைக் கெடுத்தது படமா, படையா?

ஆனால் அதே காலத்தில் ஜெர்மனியில் வேறு மாதிரிக் கேலிப்படமும் இருந்தது. ‘டெர் ஷ்டூர்மர்’ என்ற வாரப் பத்திரிகை யூதர்களைப் பெரிய மூக்கும் அவலட்சணமுமாக வரைந்து தள்ளியது. தெருமுனையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் பெட்டியில் ஒட்டி வைத்தார்கள்; காசில்லாமல் பார்க்கலாம். லோ வரைந்தது படை வைத்திருந்தவனை. இவர்கள் வரைந்தது பக்கத்து வீட்டுக்காரனை. பத்திரிகையை நடத்திய ஸ்ட்ரைக்கர் வெறுப்பைத் தூண்டிய குற்றத்துக்காக 1946இல் தூக்கிலிடப்பட்டான்.

நம்மையும் வரைகிறார்கள், தோழர்களே. ‘பாண்டி’ என்றால் கறுத்த உடம்பு, அழுக்கு வேட்டி. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து அழவில்லையா? நாமும் சும்மா இல்லை. சந்திரனுக்குப் போனாலும் நாயர் டீக்கடை இருக்கும் என்று எத்தனை வருஷமாகச் சிரிக்கிறோம்!

சிரிப்பு அதோடு நின்றால் பரவாயில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தது. குமுளி வழி அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். அந்த நாட்களின் பத்திரிகை, தமிழோ மலையாளமோ, யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இரு பக்கத்துப் படங்களையும் விரித்து வைத்து, யார் யாரை எப்படி வரைந்தார்கள் என்று பார்ப்போம்.