கையெழுத்துப் போடாதவன் பணம் யாருக்கு?



தர்மம் என்றால் நம் மக்களுக்கு உண்டியல் ஞாபகம் வரும். வரி என்றால் சர்க்கார் சேவகன் ஞாபகம் வரும். ஆனால் கட்டுகிற வரியிலேயே ஒரு பங்கை இன்ன தர்மத்துக்குக் கொடு என்று சொல்லும் உரிமையைக் குடிகளுக்குக் கொடுத்த தேசம் ஒன்று இருக்கிறது. அது இத்தாலி. அங்கே பலெர்மோ முதலிய ஊர்களில் நம் தமிழரும் உழைத்து வரி கட்டுவதால், இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல.

முன்பு அந்தச் சர்க்கார் பாதிரிமார்களின் ஜீவனத்துக்கு நேராகவே பணம் கொடுத்து வந்தது. அதற்குப் பதிலாக 1985-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, 1990 முதல் நடத்தி வருகிறார்கள். வருமான வரியில் 1000-க்கு 8 பங்கை மதச் சபைக்கா, சர்க்காரின் தர்ம காரியத்துக்கா என்று வரி கட்டுகிறவன் பாரத்தில் கையெழுத்திட்டுச் சொல்லலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? சூட்சுமம் எங்கே என்றால், கையெழுத்துப் போடாதவன் பங்கும் போட்டவர்களின் கணக்குப்படியே பிரிக்கப்படுகிறது! 100 பேரில் 40 பேர் கையெழுத்திட்டு, அதில் 30 பேர் கத்தோலிக்க சபையைக் காட்டினால், அந்தச் சபைக்குப் போவது 100-க்கு 30 அல்ல, 75! உண்மையிலும் அங்கே பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போடுவதே இல்லை. சபைக்கோ வருஷத்துக்குச் சுமார் 100 கோடி யூரோ போய்ச் சேருகிறது. உண்டியலிலாவது கையை நீட்டினவன் காசுதான் விழும். இங்கே கையைக் கட்டிக் கொண்டு இருந்தவன் காசும் விழுகிறது!

எல்லா மதக்காரரையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. வால்டென்சியர் என்ற சிறு கிறிஸ்தவ சபையார் இந்தப் பணத்தில் ஒரு காசைக்கூடப் பூசைக்கும் பாதிரி சம்பளத்துக்கும் தொடுவதில்லை. எல்லாம் ஜன சேவைக்கே. அதனால்தான் அவர்களுடைய ஆள் கணக்கைவிடப் பன்மடங்கு கையெழுத்து அவர்களுக்கு விழுகிறது.

2006-ல் இன்னொரு வழியும் திறந்தார்கள். அது 1000-க்கு 5 பங்கு. தொண்டுச் சங்கம், விஞ்ஞான ஆராய்ச்சி, வைத்திய ஆராய்ச்சி, சொந்த ஊர் நகரசபையின் உதவிக் காரியம் இவற்றில் ஒன்றுக்குக் கொடுக்கலாம். வேண்டிய சங்கத்தின் வரி எண்ணை எழுதிக் கையெழுத்திட்டால் போதும்; வரி ஒரு காசும் கூடாது. புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம்தான் இதில் முதல் இடத்தில் நிற்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றொன்று போய்விடும் என்பதும் இல்லை, இரண்டிலும் கையெழுத்திடலாம்.

"ஆளாளுக்கு வரியைத் திருப்பினால் ரோட்டை யார் போடுவது?" என்று சிலர் கேட்கலாம். 1000-ல் மிச்சம் 987 சர்க்காரிடம்தானே இருக்கிறது! ரோடும் போடட்டும், பள்ளிக்கூடமும் கட்டட்டும்.

ஆகையால் தோழர்களே, அந்நாட்டில் உழைக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் இன்றே கடிதம் எழுதுங்கள். கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாத கூலிக்காரரும் இந்தப் பாரத்தை உறையில் இட்டுத் தபாலாபீசில் கட்டணமின்றிக் கொடுக்கலாம். எந்தச் சங்கம் என்ன செய்கிறது என்று விசாரித்து, தன் புத்திக்குச் சரியென்று பட்டதற்குக் கையெழுத்திடட்டும். சும்மா இருப்பது நடுநிலைமை அல்ல. தன் பணத்தின்மேல் பிறருக்கு அதிகாரம் கொடுப்பதே ஆகும் என்று சொல்லி, இம்மட்டில் முடித்துக் கொள்ளுகிறேன்.