ஸ்கேட்டிங் பூட்ஸில் சிராய்ப்பு: எதைத் துடைக்கலாம், எதை மறைக்கக் கூடாது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்தாக்கித் தருகிறோம்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். போன இரண்டு கூட்டத்திலும் வேறு எதைப் பேசினோம்? "இல்லீங்க, பசங்க போடற ஸ்கேட்டிங் பூட்ஸ் பத்திப் பேசுங்க" என்றார். ஈரோட்டில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் 28 வருஷம் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தோலைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவேன். போரடித்தால் கையைத் தூக்குங்க.

நம் வீதிகளில் இப்போது 11 குழந்தைகள் ஸ்கேட்டிங் போகிறார்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் நடந்த உலகப் போட்டியில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார் பாருங்க, அதற்கப்புறம் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அவருடையது வேகப் போட்டி. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும், பூட்ஸ் குட்டையாக இருக்கும். நம் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் பழகுவது ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், நுனியில் டோ ஸ்டாப் என்கிற ரப்பர்க் கட்டை. கணுக்காலுக்கு மேல் வரும் வெள்ளை பூட்ஸ். டிவியில் பனித்தரையில் சுழன்று ஆடுகிறார்களே, ஃபிகர் ஸ்கேட்டிங், அதே பூட்ஸ்தான். அங்கே அடியில் கத்தி, இங்கே சக்கரம். 2025இல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் நம் நாட்டுக்காக ஆடிய தாரா பிரசாத்தின் காலிலும், என் பேத்தியின் காலிலும் இருப்பது ஒரே ஜாதிப் பொருள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வெள்ளை நிறம்தான் எல்லா வம்புக்கும் காரணம். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நார்வே நாட்டு சோன்யா ஹெனி வெள்ளை பூட்ஸ் போட்டு ஆடி அதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். அன்றிலிருந்து பெண்களுக்கு வெள்ளை, ஆண்களுக்குக் கறுப்பு என்று வழக்கமாகிவிட்டது. அந்த அம்மா நம்ம ஊர் சிமெண்ட் தரையில் ஒரு வாரம் ஆடியிருந்தால் வேறு நிறம் எடுத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாங்கி ஒரே மாதத்தில் பூட்ஸ் பார்க்கச் சகிக்காமல் ஆகிவிடுகிறது. பெற்றோர் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி: "புதுசு வாங்கணுமா?" "இதை வெள்ளையாக்க என்ன செய்யணும்?" இரண்டுக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நான் பார்க்கத் தவறிய கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தோல் என்றால் என்ன என்று கொஞ்சம். மாட்டுத் தோலின் மேல்பரப்பு மெல்லிசு, நெருக்கமானது. அதன் அடியில் நார் நாராகப் பின்னிய தடித்த பகுதி. பலம் எல்லாம் அந்த அடிப்பகுதியில்தான். நம் பக்கத்துத் தோல்ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. எப்படிப் பதனிட்டாலும் வெள்ளை நிறம் தோலுக்குள் ஊறியதல்ல. மேலே அடித்த பூச்சு. ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான் இருக்கும். குழந்தை விழுந்து எழும்போது போவது முக்கால்வாசி அந்தப் பூச்சுதான். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தால் வீடு இடிந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும்.

இனி பூட்ஸைக் கையில் எடுத்துப் பாருங்க. கறுப்புக் கோடு கோடாக இருந்தால் அது காயமே இல்லை. இன்னொரு காலின் சக்கரமோ டோ ஸ்டாப்போ உரசி ரப்பர் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடப் பென்சில் ரப்பர் எடுத்து மெதுவாகத் தேய்த்தாலே போகும். போகாவிட்டால் ஈரத் துணியில் ஒரு சொட்டு ஷாம்பு. பல்பொடி, பற்பசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுக்கு போகும், கூடவே மினுமினுப்பும் போகும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அது கறையோடு வெள்ளைப் பூச்சையும் கரைத்து எடுத்துவிடும். எங்கள் ஆலையில் தப்பாக விழுந்த பூச்சை அழிக்க நாங்களே அந்த வகைத் திரவம்தான் வைத்திருந்தோம்.

மூக்குப் பகுதியில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் பூச்சு போய்த் தோல் தெரிகிறது. மண்டியிட்டு வழுக்குவது, காலை இழுத்து நிறுத்துவது, இதெல்லாம் அங்கேதான் தேய்க்கும். உள்பக்கக் கணுக்காலிலும் இருக்கும், கால் மாற்றிப் போடும்போது ஒன்றோடொன்று இடிப்பதால். இதற்கு என்ன செய்யலாம்? லேஸைக் கழற்றுங்க. உலர்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்க. ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வையுங்க. எழும்பி நிற்கும் தோல் சிலும்பு இருந்தால், செருப்புத் தைக்கிற அண்ணன் வைத்திருக்கும் சொல்யூஷனைத் துளி தொட்டுப் படிய வைத்து அழுத்துங்க. மறுநாள் நைஸ் உப்புத்தாள், 400 அல்லது 600 நம்பர், இரண்டு இழுப்பு போதும். அப்புறம் தோலுக்கென்று விற்கும் வெள்ளை நிறப்பூச்சை, நீர்க்க, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

நாமெல்லாம் திங்கட்கிழமை காலையில் கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்துப் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தப் பழக்கத்தில் ஒரே தடவையில் அப்பிவிடத் தோன்றும். கெட்டியாக அப்பினால் கால் மடங்குகிற இடத்தில் அடுத்த வகுப்பிலேயே பாளம் பாளமாக வெடிக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் முன்னைவிட அசிங்கமாக இருக்கும். கடைசியில் நிறமில்லாத மெழுகு பாலிஷ் கொஞ்சம். துடைக்க நம்ம ஊர்ப் பழைய போர்வைத் துணியைவிட நல்லது உலகத்தில் இல்லை. துவைத்துத் துவைத்துப் பூவாகிவிட்ட துண்டாக எடுத்துக்கொள்ளுங்க. தறிக்காரர் ஊரில் இருந்துகொண்டு இதற்காகக் கடையில் துணி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. கம்மி விலை பூட்ஸ் பலதும் தோல் கிடையாது, ரெக்ஸின். துணியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம். காற்றில் இருக்கும் ஈரமே வருஷக்கணக்கில் அதை அரிக்கும். அது தோசை மாதிரி உரிய ஆரம்பித்தால் எந்தப் பாலிஷும் நிற்காது. அதற்குக் காசு செலவழிக்காதீங்க. பார்க்க வேண்டாம் என்றால் மேலே உறை போடுங்க. வெளிநாட்டில் போட்டிக்குப் போகிறவர்களே பூட்ஸை மூடுகிற மாதிரி இறுக்கமான காலுறையை இழுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் தையல்காரரிடம் பழைய லெக்கின்ஸைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் உறை தைத்துவிடுவார். புது பூட்ஸுக்கே அப்படிப் போட்டுவிட்டால் பாதிச் சிராய்ப்பு வராது.

வியர்வையோடு பைக்குள் திணித்து அடுத்த வகுப்பு வரை மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஐப்பசி மழைக்காலத்தில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். வந்தவுடன் வெளியே எடுத்து, நாக்கை விரித்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் வையுங்க. வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் தோல் சுருங்கும், அடிப்பாகத்தின் பசை இளகும்.

இப்போது நான் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை.

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்து வயது. கோயமுத்தூரில் தெரிந்த குடும்பத்தில் இருந்து அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது. நல்ல தோல். ஆனால் மூக்கெல்லாம் சாம்பல், பக்கமெல்லாம் கீறல். மற்ற பிள்ளைகள் புதுசு போட்டு வரும்போது இவள் காலை பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் அழுதுவிட்டாள். "அப்புச்சி, இதை வெள்ளையாக்கித் தர்றீங்களா?" என்றாள். பூச்சு வேலையிலேயே 28 வருஷம் இருந்தவனிடம் கேட்கிறாள். விடுவேனா?

மூன்று நாள் உட்கார்ந்தேன். உப்புத்தாள், தோல் பட்டி, நிறம், மெழுகு. கணுக்காலின் பக்கவாட்டில், இரண்டு பக்கமும், ஆழமாக ஒரு மடிப்பு இருந்தது. அதிலும் பட்டி வைத்து நிரவி, வெள்ளை அடித்து, மெழுகு போட்டேன். கடையில் இருந்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் பெருமைதான், மறைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் ஒரு தாவலில் இறங்கும்போது அவள் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. பயிற்சியாளர் அந்த பூட்ஸை எடுத்துக் கட்டைவிரலால் கணுக்கால் பக்கத்தை அழுத்தினார். பழைய அட்டைப்பெட்டி மாதிரி மடங்கியது. "ஐயா, இது ஓய்ஞ்சு போன பூட்ஸுங்க. புதுசு மாதிரி இருந்ததால நானும் சோதிக்காம விட்டுட்டேன்" என்றார். அவர் வழக்கமாக வெளி மடிப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். அவர் பார்க்க வேண்டிய அந்த மடிப்பைத்தான் நான் பட்டி வைத்து மூடியிருந்தேன்.

தோல் தெரிந்தவனுக்கே இது தோன்றவில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். கணுக்காலுக்கு முன்னால், நாக்கு இருக்கிற பக்கம் விழும் மடிப்பு சரியானது. முழங்காலை மடக்கி ஆட அங்கே வளைந்துதான் ஆக வேண்டும். பக்கவாட்டில் மடிப்பு விழுந்தால் பூட்ஸ் தாங்குவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். லேஸைத் தளர்த்திவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்க. நல்லது எதிர்த்து நிற்கும். வலதையும் இடதையும் ஒப்பிடுங்க. குதித்து இறங்குகிற கால்தான் முதலில் ஓயும். பிறகு குழந்தைக்கு முழுதாகக் கட்டிவிட்டு நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்க. குதிகால் நேராக நிற்காமல் உள்பக்கம் சாய்ந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

இன்னும் இரண்டு இடம். அடிப்பாகம் மேல்தோலோடு ஒட்டுகிற ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா? சக்கரத் தட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் ஆடுகின்றனவா? முறுக்கியும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது. லேஸ் மாட்டும் கொக்கி பிய்ந்திருந்தால் பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்காரும் அண்ணனே புதுசு அடித்துக் கொடுத்துவிடுவார்.

இவ்வளவும் பார்த்து, எல்லாம் கெட்டியாக இருந்தால், மேலே எத்தனை சிராய்ப்பு இருந்தாலும் அந்த பூட்ஸ் நல்ல பூட்ஸ். தாராளமாக வெள்ளை அடிங்க. குழந்தை கூச்சப்படுவதை "இதுக்கெல்லாமா அழறது?" என்று தள்ளாதீங்க. அன்றைக்குப் பேத்தி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பூட்ஸைச் சோதிக்காமல் பூச்சு அடித்தது நான்.

குழந்தைகளுக்கு வருஷத்துக்கு ஒரு அளவு கால் வளர்கிறது. அதனால் நம் வீதிகளில் பூட்ஸ் ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். போகட்டும், நல்லதுதான். கொடுக்கிறவர்கள் அழுக்கைத் துடைத்துக் கொடுங்க, ஆனால் வெள்ளை அடித்துக் கொடுக்காதீங்க. வாங்குகிற வீட்டுக்காரர் உள்ளதைப் பார்த்து வாங்கட்டும், அப்புறம் அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எத்தனை வருஷம் ஆடினது, தாவல் பழகினதா இல்லையா என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்க.

பேத்தி மறுபடியும் வகுப்புக்குப் போகிறாள். இப்போது போடுவதும் பழசுதான். இந்த முறை பயிற்சியாளர் அழுத்திப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தேன். மூக்கில் ஒரு சிராய்ப்பை மட்டும் அவளே விட்டுவிடச் சொன்னாள். முதல் முறை ஒற்றைக் காலில் சுழன்ற அன்றைக்கு விழுந்ததாம்.

சங்க அலுவலகத்தில் இந்த மாதம் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பேன். பூட்ஸையும் குழந்தையையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வாங்க. காலில் மாட்டாமல் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய போர்வைத் துண்டு இருந்தால் அதையும் எடுத்து வாங்க, என்னிடம் தீர்ந்துவிட்டது.