சக்கர நாற்காலியும் மேசைப் பந்தும்



விளையாட்டு என்றதும் ஓடும் கால்களே நம் நினைவிற்கு வருகின்றன. கால்கள் ஓடாத இடத்திலும் விளையாட்டு உண்டு; அதுவும் திறமையை அளக்கும் கடும் போட்டியே என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத் தண்டு அடிபட்ட போர்வீரர்க்கு மருத்துவம் செய்தவர் லுட்விக் குட்மன். விளையாட்டும் மருந்தே என்பது அவர் கொள்கை. 1948ஆம் ஆண்டு, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அவர்களுள் இருவர் பெண்கள். அவ்வித்து வளர்ந்து 1960இல் ரோம் நகரில் பாராலிம்பிக் ஆயிற்று. அன்று முதல் ஒவ்வொரு பாராலிம்பிக்கிலும் மேசைப் பந்தாட்டம் இடம் பெற்று வருகிறது.

நீங்கள் பள்ளியில் காணும் அதே மேசை, அதே பந்து, செட்டுக்கு அதே 11 புள்ளிகள். சில விதிகளே வேறுபடும். ஒற்றையர் ஆட்டத்தில் தொடக்க அடிப் பந்து, எதிராளி அடிக்குமுன் மேசையின் பக்கவாட்டு ஓரத்தைக் கடந்து வெளியேறினால், அவ்வடி கணக்கில் சேராது. மீண்டும் அடிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எட்டவியலாத பந்தினால் ஒருவர் புள்ளி பெறுவது முறையாகுமா? மேலும், உடல் இயக்கத்தின் அளவை ஆராய்ந்து, அமர்ந்து ஆடுவோரை ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பர். எண் கூடக் கூட இயக்க ஆற்றலும் கூடும். ஒத்த ஆற்றலுடையாரே மோத வேண்டும் என்பது நோக்கம்.

குஜராத்தில் சுந்தியா என்னும் சிற்றூரில் 1986இல் பிறந்தவர் பாவினா பட்டேல். ஒரு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அகமதாபாத்தில் தொழிற்பயிற்சி பெறச் சென்ற இடத்திலே மட்டையைக் கையில் எடுத்தார்.

டோக்கியோ பாராலிம்பிக் 2021இல் நடைபெற்றது. நான்காம் வகுப்பில் ஆடிய பாவினா, முதல் ஆட்டத்திலேயே சீனாவின் சோ யிங்கிடம் மூன்று செட்டுகளையும் இழந்தார். ஆயினும் அடுத்த ஆட்டத்தில் வென்று மேலே சென்றார். காலிறுதியில், 2016இல் ரியோவில் தங்கம் பெற்ற செர்பிய வீராங்கனை போரிஸ்லாவா பெரிச் ராங்கோவிச்சை 3–0 என வென்றார். அரையிறுதியில் சீனாவின் சாங் மியாவோவை 3–2 என முறியடித்தார். இறுதியில் எதிரே வந்தவர் மீண்டும் சோ யிங்! 7–11, 5–11, 6–11 எனத் தோல்வி. எனினும் அந்த வெள்ளிப் பதக்கமே, பாராலிம்பிக் மேசைப் பந்தில் இந்தியா பெற்ற முதற்பதக்கம்.

2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் காலிறுதியில் மீண்டும் சோ யிங்கைச் சந்தித்தார், தோற்றார். ஆனால் டோக்கியோவில் ஒரு செட்டும் பெறாதவர், இம்முறை ஒன்றைத் தம் வசமாக்கினார். பதக்கப் பட்டியலில் இடம் பெறாத அந்த ஒரு செட்டில் மூன்றாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

இனி உங்கள் பள்ளியை எண்ணிப் பாருங்கள். நடக்கவியலாத தோழியை ஓரத்தில் அமர்த்தி, புள்ளி குறிக்கும் ஏட்டை மட்டும் தருகிறீர்களா? மேசை மாடியில் இருந்தால் கீழே இறக்குங்கள். சக்கரம் உள்ளே செல்லுமாறு இடம் விடுங்கள். பிறகு மட்டையை அவள் கையில் கொடுத்து, விட்டுக்கொடாமல் ஆடுங்கள். அதுவே அவளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.